சந்தேகமா இருந்தா 'நோ' போடு: இது உதவியா, உபத்திரவமா?

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் காரமான பதிவு. மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே அடுத்த பதிவுக்குத் தாவிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

லினக்ஸ் கெர்னலை சொந்தமா கம்பைல் பண்ணிப் பார்த்தவங்களுக்கு ஒரு வாக்கியம் நல்லாவே பழக்கமா இருக்கும். மெனுவுல ஒரு டிரைவர் பேர் வரும். என்னன்னு புரியாது. சரி, உதவி பட்டனை அழுத்திப் பார்ப்போம்னு அழுத்தினா கடைசி வரியில, "சந்தேகமா இருந்தா நோ போடு"ன்னு இருக்கும். இதுக்குப் பேரு உதவியாம்! சந்தேகம் இருக்கறதாலதானேய்யா அந்தப் பட்டனையே அழுத்தினேன்?

இதைப் பழக்கமில்லாதவங்களுக்கு ரெண்டு வரி. கெர்னல்ங்கறது இயங்குதளத்தோட அடிமடி. கம்ப்யூட்டர்ல இருக்கிற நெட்வொர்க் கார்டு, வைஃபை, ஹார்ட் டிஸ்க், பிரிண்டர் எல்லாத்தோடயும் பேசறது அதுக்குள்ள இருக்கிற டிரைவர்கள். கம்பைல் பண்றதுக்கு முன்னாடி மெனுகான்ஃபிக்னு ஒரு பட்டியலைத் திறந்து, எந்த டிரைவர் வேணும், எது வேணாம்னு சொல்லணும். பெரும்பாலானதுக்கு மூணு பதில் உண்டு: உள்ளயே சேர்த்துடு, மாட்யூலா தனியா வை, வேண்டவே வேண்டாம். இந்த மாதிரி கேள்விகள் மொத்தமா பத்தாயிரத்துக்கும் மேல இருக்கு. ஒரு கம்ப்யூட்டருக்கு அத்தனையும் வராது, ஆனா வர்றதே ஆயிரக்கணக்குல வரும். இந்தப் பட்டியலை எழுதற மொழிக்குப் பேரு கேகான்ஃபிக். என் சண்டை அந்த மொழியோட இல்லை. அதுல எழுதியிருக்கிற வார்த்தைகளோட.

எங்க தொப்பூர்ல நிறைய வீட்டுக்கு இன்டர்நெட்னா போன்தான். போனை யூஎஸ்பி கேபிள்ல கம்ப்யூட்டர்ல சொருகி டெதரிங் போட்டா வேலை நடக்கும். என் அக்கா பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். பழைய கம்ப்யூட்டர் வேகமா ஓடணும்னு சொந்தமா கெர்னல் கட்டினான். ராத்திரி பூரா ஓடி, நடுவுல ஒரு தடவை கரண்ட் போய், காலையில ஒருவழியா முடிஞ்சுது. பூட் ஆச்சு. போனை சொருகினான். போன் சார்ஜ் ஆகுது, நெட் வரலை. "மாமா, நான் எதை எடுத்தேன்னே தெரியல மாமா. மெனுவுல போன்னு ஒண்ணுமே இல்லையே"ன்னான்.

அவன் சொன்னது சரி. மெனுவுல போன்னு ஒண்ணும் இல்லை. 6.1 கெர்னலை எடுத்துக்குங்க, 2022 டிசம்பர்ல வந்தது, டெபியன் 12ல இருக்கிற அதே வரிசை. ஆண்ட்ராய்டு போன்கள்ல பலது டெதரிங் பண்றப்ப ஆர்என்டிஐஎஸ்ங்கற நெறிமுறையில பேசும். அதுக்கான டிரைவரோட தலைப்பு என்ன தெரியுமா? "ஆர்என்டிஐஎஸ் மற்றும் ஆக்டிவ்சிங்க் கருவிகளுக்கான ஹோஸ்ட்". ஆக்டிவ்சிங்க்! அந்தக் காலத்து விண்டோஸ் மொபைல் போன்களை கம்ப்யூட்டரோட இணைக்கற மென்பொருள். இன்னைக்குக் காலேஜ் படிக்கிற பையன் அதைப் பார்த்திருக்கவே மாட்டான்.

சரி, உள்ள இருக்கிற உதவிக்குறிப்பாவது சொல்லுதா? அதுல என்ன இருக்குன்னு சுருக்கமா சொல்றேன். இது மைக்ரோசாஃப்ட் ஊக்குவிக்கிற நெறிமுறை, இதோட ஆவணங்கள் அரைகுறை, இது மைக்ரோசாஃப்டோட கட்டுப்பாட்டுல இருக்கு, வேற வழியே இல்லைன்னா தவிர இதைப் பயன்படுத்தாதே. இதுதான் சாராம்சம். எழுதினவருக்கு மைக்ரோசாஃப்ட் மேல இருந்த கோபம் நல்லாவே புரியுது. கோபத்துல நியாயமும் இருக்கலாம். ஆனா "உன் போன்ல டெதரிங் பண்ணணும்னா இது வேணும்"ங்கற ஒரே ஒரு வரி இல்லை. படிக்கிறவனுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வரிதான். அதைப் படிச்ச எந்த நல்ல பையனும் நோதான் போடுவான். அப்புறம் அவன் மேல என்ன தப்பு?

இது ஒரு டிரைவரோட கதைன்னு நினைச்சுடாதீங்க. இன்னொண்ணு பாருங்க. லட்சக்கணக்கான மதர்போர்டுகள்ல ரியல்டெக் 8111ங்கற நெட்வொர்க் சிப் இருக்கு. சிப் மேல அந்த நம்பர்தான் அச்சடிச்சிருக்கும். அதே 6.1 கெர்னல்ல இதுக்கான டிரைவர் தலைப்புல இருக்கிற நம்பர்கள்: 8169, 8168, 8101, 8125. 8111 எங்க? கிடையாது. 8111ம் 8168ம் ஒரே குடும்பம்னு தெரிஞ்சவனுக்குத் தெரியும். தெரியாதவன் என்ன பண்ணுவான்? சாய்வுக்கோட்டை அழுத்தி 8111னு தேடுவான். தேடினா வரும், வராம இல்லை! ஏஎம்டி 8111னு முழுக்க வேற கம்பெனியோட, வேற சிப்புக்கான நெட்வொர்க் டிரைவர் வரும். நம்பர் பொருந்துது, "ஈதர்நெட்"டுனு வேற இருக்கு. சந்தோஷமா எஸ் போடுவான். சரியானதுக்கு நோ, தப்பானதுக்கு எஸ். அறிவில்லாம பண்ணலைங்க, கையில இருந்த தகவலை வச்சு அறிவோட பண்ணினது.

இதுல நியாயமா ஒண்ணு சொல்லணும். முன்னாடி இந்தத் தலைப்பு வெறும் "ரியல்டெக் 8169 கிகாபிட்"னு மட்டும்தான் இருந்துச்சு. 8101 கிகாபிட்டே இல்லை, 100 மெகாபிட்தான். அதுவும் இதே டிரைவர்ல ஓடும்னு அந்தத் தலைப்பைப் பார்த்து எவன் கண்டுபிடிப்பான்? அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து மத்த நம்பர்களையும் சேர்த்தாங்க. ஆக, மாத்த முடியாத விஷயம் இல்லை இது. ஒரே ஒரு வரி. மாத்தினாங்க, வானம் இடிஞ்சு விழலை.

இப்ப, நான் எதைப் பேசினாலும் வழக்கமா வர்ற எதிர்வாதங்கள் சிலது இருக்கு. ஒவ்வொண்ணா பார்த்துடுவோம்.

முதல்ல, "சாதாரண ஆளுங்க யாரு சார் கெர்னல் கம்பைல் பண்றாங்க?" இது பழைய பாட்டு. 2000வாக்குல எரிக் ரேமண்ட் சிஎம்எல்2னு பைத்தான்ல ஒரு புது கட்டமைப்பு முறையை எழுதினார். டில்லி அத்தைன்னு ஒரு கற்பனைப் பாத்திரம் வச்சு, அந்த அத்தையே கெர்னலைக் கட்டமைக்கற அளவுக்கு எளிமையாகணும்னு வாதாடினார். கெர்னல்காரங்க சிரிச்சாங்க. கெர்னல் கட்ட பைத்தான் வேற வேணுமான்னு சண்டை. கடைசியில அவரோடது வேலைக்காகல, 2002ல ரோமன் ஜிப்பெல் எழுதின கேகான்ஃபிக் 2.5.45ல உள்ள வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அதுதான். சிரிச்சவங்க சொன்னதுல பாதி சரி. டில்லி அத்தை கெர்னல் கட்ட வேண்டியதில்லைதான். ஆனா டில்லி அத்தையை விரட்டினதோட, தெளிவா எழுதணும்ங்கற பேச்சையும் சேர்த்து விரட்டிட்டாங்க. சண்டை எந்த மொழியில எழுதறதுங்கறதுல போச்சு, என்ன எழுதறதுங்கறதை யாரும் கண்டுக்கலை.

அத்தையை விடுங்க. நிபுணரையே எடுத்துக்குங்க. பத்தாயிரம் டிரைவரும் தெரிஞ்ச நிபுணர் உலகத்துல எவனும் கிடையாது. வைஃபை எழுதறவருக்கு சவுண்ட் கார்டு பக்கம் போனா அவரும் என் அக்கா பையன்தான்! அப்புறம் டிஸ்ட்ரோ கட்டறவங்க. நம்ம சென்னை சி-டாக்ல போஸ் லினக்ஸ் 2007ல வந்துச்சு. 2011ல தொடங்கின தமிழக அரசோட இலவச லேப்டாப் திட்டத்துல அதுவும் போட்டுக் குடுத்தாங்க. அந்த மாதிரி லட்சக்கணக்கான பசங்க கைக்குப் போற ஒரு இயங்குதளத்துக்குப் பின்னாடி, ஏதோ ஒரு ஊர்ல யாரோ ஒருத்தர் உட்கார்ந்து இதே மெனுவுக்கு எஸ், நோ போட்டுக்கிட்டு இருப்பார். அவர் ஒரு இடத்துல குழம்பினா, அது ஒரு வீட்டுப் பிரச்சனை இல்லை. அந்த டிஸ்ட்ரோ போன அத்தனை வீட்டுக்கும் பிரச்சனை. அங்க எந்தப் பையனும் "கேகான்ஃபிக் குறிப்பு தெளிவா இல்லை"ன்னு சொல்ல மாட்டான். "லினக்ஸ் வேஸ்ட்டுடா"ன்னுட்டு திருட்டு விண்டோஸ் சிடி தேடிப் போவான். நான் கோபப்படறது இதுக்குத்தான்.

ரெண்டாவது, "கூகிள்ல தேடு, இல்லைன்னா சோர்ஸ் கோடைப் படி." நெட்வொர்க் டிரைவர் இல்லாதவன் எதை வச்சு கூகிள்ல தேடுவான்? பக்கத்து வீட்டு போனை வாங்கித் தேடலாம், ஒத்துக்கறேன். ஆனா சோர்ஸ் கோடைப் படின்னு சொல்றது வேடிக்கை. ஏன்னா கேட்ட விஷயம் அந்த சோர்ஸ் கோடுலயே இருக்கு! ஒவ்வொரு பிசிஐ, யூஎஸ்பி டிரைவர்லயும் தான் எந்தெந்தக் கருவியை ஓட்டும்னு அடையாள எண்களோட ஒரு அட்டவணை இருக்கும். அதை வச்சுத்தான் கருவியை சொருகினதும் சரியான மாட்யூல் தானா ஏறுது. அதாவது, எந்தக் கருவிக்கு எந்த டிரைவர்னு கெர்னலுக்குத் தெரியும். மெனுவுக்கு மட்டும் தெரியாது. இந்த அட்டவணைகளைத் தோண்டி எடுத்து எல்கேடிடிபின்னு ஒரு டிரைவர் தரவுதளமே வெளியில போட்டிருக்காங்க. வெளியாள் பண்ண முடிஞ்சதை வீட்டுக்காரன் பண்ண மாட்டேங்கறான்.

மூணாவது, "லோக்கல்மாட்கான்ஃபிக் இருக்கே?" இருக்கு, 2009ல 2.6.32ல வந்தது. இப்ப ஏறியிருக்கிற மாட்யூல்களைப் பார்த்து, மத்ததை எல்லாம் கழிச்சுடும். அருமையான கருவிதான், குறை சொல்லலை. ஆனா அந்த நேரத்துல சொருகாம வச்சிருந்த போன், பிரிண்டர், பென்டிரைவ் எல்லாம் அதுக்கு இல்லாத மாதிரிதான். கழிச்சதைத் திரும்பச் சேர்க்கணும்னா எங்க வரணும்? அதே மெனுவுக்கு. அதே புரியாத வரிக்கு.

நாலாவது, "எல்லாத்தையும் மாட்யூலா போட்டுட்டா தொல்லை விட்டுது." போடுங்க. பழைய ரெண்டு ஜிபி ராம் கம்ப்யூட்டர்ல எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. எங்க ஊர் கரண்ட்டையும் கணக்குல வச்சுக்குங்க. அதுவும் போக, ஹார்ட் டிஸ்க்குக்கான டிரைவரை மாட்யூலா போட்டுட்டு, பூட் ஆகறப்ப அதை ஏத்தற இனிட்ராம்எஃப்எஸ் இல்லாம விட்டீங்கன்னா, ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் பண்ண முடியலைன்னு கெர்னல் பேனிக் அடிச்சு அப்படியே நிக்கும். 'எம்'மும் எல்லா இடத்துக்கும் பாதுகாப்பான பதில் இல்லை.

அஞ்சாவது, "பாவம், அவங்க சும்மா சேவையா பண்றாங்க, இதையும் கேக்கறீங்களே?" தன் சொந்த நேரத்துல எழுதறவங்க இருக்காங்க, அவங்களுக்குக் கும்பிடு. ஆனா இன்னைக்கு கெர்னலுக்கு வர்ற மாற்றங்கள்ல பெரும்பகுதி கம்பெனிகள்ல சம்பளம் வாங்கிட்டு எழுதறவங்களோடது. மூவாயிரம் வரி டிரைவர் எழுதற கைக்கு, அஞ்சு வரி தமிழ்ல... மன்னிக்கணும், இங்கிலீஷ்ல எழுத வலிக்குமா? இந்த உதவி வரிகள் கம்பைல் ஆகி உள்ள போறதுகூட இல்லை. கெர்னல் ஒரு பைட்டுகூட வீங்காது.

நிற்க. கெர்னல்காரங்களுக்கு இது தெரியாதுன்னு இல்லை. பேட்ச்களைச் சரிபார்க்க செக்பேட்ச்னு ஒரு ஸ்கிரிப்ட் வச்சிருக்காங்க. புது விருப்பத்துக்கு உதவிக்குறிப்பு நாலு வரிக்குக் கம்மியா இருந்தா எச்சரிக்கும். நல்ல எண்ணம்தான். ஆனா எண்ணுறது வரியை, பொருளை இல்லை. "இது அந்த சிப்புக்கான டிரைவர். அந்த சிப் உங்ககிட்ட இருந்தா எஸ் போடுங்க. மாட்யூலா வேணும்னா எம் போடுங்க. சந்தேகமா இருந்தா நோ." ஆச்சு, நாலு வரி. ஸ்கிரிப்ட் பாஸ். தகவல் சைபர்.

முன்னாடி ஒரு ஏற்பாடு இருந்துச்சு. எல்லா உதவிக்குறிப்பும் கான்ஃபிகர் டாட் ஹெல்ப்னு ஒரே கோப்புல இருந்துச்சு, அதைப் பார்த்துக்கன்னே தனியா பொறுப்பாளர் இருந்தார். 2002ல அதைப் பிரிச்சு அந்தந்த டிரைவர் பக்கத்துலயே வச்சாங்க. டிரைவர் மாறும்போது குறிப்பும் கூடவே மாறட்டும்னு. காரணம் சரிதான். ஆனா மொத்தத்தையும் ஒரு வெளியாள் கண்ணோட படிக்கிற ஆள் அதோட போயிட்டார். இப்ப எழுதறவரும் டிரைவர்காரர், சரிபார்க்கிறவரும் டிரைவர்காரர். ரெண்டு பேருக்கும் விஷயம் தெரியும். அதனால எது விட்டுப் போச்சுன்னு ரெண்டு பேர் கண்ணுக்குமே தெரியாது.

எங்க ஊர் கணவாயைத் தெரியும்தானே? தருமபுரி பக்கத்துல இருந்து சேலம் நோக்கி இறங்கற சாலை, முன்னாடி தேசிய நெடுஞ்சாலை 7, இப்ப 44. அந்த இறக்கத்துல நடந்த லாரி விபத்துகளை நீங்களும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அந்தச் சாலையில வர்றவங்கள்ல பாதிப் பேர் வடக்கே இருந்து வர்றவங்க, வாழ்க்கையில முதல் தடவை இந்த இறக்கத்தைப் பார்க்கறவங்க. அவங்களுக்கு ஒரு பலகை என்ன சொல்லணும்? இன்னும் இவ்வளவு தூரம் இறக்கம், நியூட்ரல்ல விடாதே, கியரைக் குறைச்சு வா. இடம், ஆபத்து, செய்ய வேண்டியது. "சந்தேகமா இருந்தா இந்தப் பக்கம் வராதே"ன்னு ஒரு பலகை வச்சா, வச்ச அதிகாரியை நாம சும்மா விடுவோமா? பலகைங்கறது ஊர்க்காரனுக்கு இல்லை, ஊருக்குப் புதுசா வர்றவனுக்கு. உதவிக்குறிப்பும் அதேதான்.

தெளிவா எழுத முடியும்ங்கறதுக்கு அதே கெர்னல்லயே நல்ல உதாரணம் இருக்கு. பழைய ரியல்டெக் 8139 கார்டுக்கு ஒரு துணை விருப்பம் உண்டு. தலைப்பு வாய்க்குள்ள நுழையாது. ஆனா குறிப்பைப் படிச்சா, மட்டமான கேபிளை நீளமா இழுத்திருந்தா இது உதவலாம், கேபிளோட தன்மைக்குத் தகுந்த மாதிரி சரி பண்ணிக்கப் பார்க்கும், இன்ன ரிவிஷன் போர்டுக்குத்தான் தேவை, மத்ததுக்கு இதால பயனில்லைன்னு இருக்கும். ஆஹா! மாடியில இருந்து கீழ் வீட்டுக்கு ஜன்னல் வழியா கேபிள் இழுத்த எவனுக்கும் புரியும். 2011 வாக்குல நெட்வொர்க் டிரைவர்களை கம்பெனிவாரியா பிரிச்சப்பவும், "இதுக்கு நோ போட்டா கெர்னல்ல நேரடியா ஒண்ணும் மாறாது, இந்தக் கம்பெனி சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் தாண்டிடும்"னு தெளிவா எழுதினாங்க. ஆக, மனசு வச்சா வருது.

அப்ப நான் என்னதான் கேக்கறேன்? ஒவ்வொரு டிரைவர் குறிப்பும் நாலு கேள்விக்குப் பதில் சொல்லணும்.

1. கருவி மேல அச்சடிச்ச பேரு என்ன, எல்எஸ்பிசிஐ, எல்எஸ்யூஎஸ்பி கட்டளைகள்ல எப்படித் தெரியும்?
2. இது இல்லைன்னா எது ஓடாது?
3. தனியா ஃபர்ம்வேர் கோப்பு வேணுமா? மாட்யூல் பேரு என்ன?
4. யாருக்கு இது தேவையில்லை?

இந்த நாலுக்கும் பதில் சொல்லாத புது டிரைவரை உள்ள சேர்க்கக்கூடாது. அவ்வளவுதான். முன்னாடி சொன்ன டெதரிங் டிரைவருக்கு நானே எழுதிக் காட்டறேன்:

"பல ஆண்ட்ராய்டு போன்களை யூஎஸ்பி கேபிள்ல இணைச்சு இன்டர்நெட் எடுக்க இது வேணும். சில யூஎஸ்பி மோடங்களுக்கும் வேணும். இது இல்லைன்னா போன் சார்ஜ் மட்டும் ஆகும், நெட்வொர்க்கா தெரியாது. மாட்யூல் பேர் ஆர்என்டிஐஎஸ் ஹோஸ்ட். இந்த நெறிமுறை பாதுகாப்புல பலவீனமானது. நம்பிக்கையில்லாத கருவிகளை சொருகற இடம்னா, டெதரிங்கும் தேவையில்லைன்னா, நோ போடுங்க."

இதுலயும் நோ இருக்கு பாருங்க. ஆனா காரணத்தோட இருக்கு. புதுசா வர்றதை எல்லாம் தானா எஸ்னு வைக்காதீங்கன்னு லினஸ் டோர்வால்ட்ஸ் பல தடவை திட்டியிருக்கார். அது நியாயம்தான், இல்லைன்னா கெர்னல் குப்பைக்கூடை ஆயிடும். ஆனா தானா வர்ற பதில் நோன்னா, எப்ப எஸ் போடணும்னு சொல்ற கடமை குறிப்பை எழுதறவருக்கு ரெட்டிப்பாகுது.

"தமிழ்ல மொழிபெயர்த்துட்டா சரியாயிடுமே"ன்னு நம்ம நண்பர்கள் சிலர் கிளம்புவீங்க. ஆசை நல்ல ஆசை. ஆனா கேகான்ஃபிக்ல மொழிபெயர்ப்புக்கு இருந்த வசதியை, யாரும் பயன்படுத்தலைன்னு 2018லயே எடுத்துட்டாங்க. இருந்திருந்தாலும், ஒண்ணுமே சொல்லாத இங்கிலீஷை மொழிபெயர்த்தா ஒண்ணுமே சொல்லாத தமிழ்தான் கிடைக்கும். முதல்ல மூலம் சரியாகட்டும்.

அதைச் சரி பண்ண நாமளே போதும், நிஜமாத்தான் சொல்றேன். உங்க வீட்டுல இருக்கிற ஒரே ஒரு கருவியை எடுங்க. அதுக்கான டிரைவர் குறிப்பைப் படிங்க. மேல சொன்ன நாலு கேள்வியில எதுக்குப் பதில் இல்லையோ அதை எழுதுங்க. யாருக்கு அனுப்பணும்னு கெட்மெயின்டெய்னர் ஸ்கிரிப்டே சொல்லிடும். சி மொழி தெரியணும்னுகூட அவசியமில்லை. குறிப்பை மட்டும் மாத்தற பேட்சால யாரோட கம்ப்யூட்டரும் படுத்துடாது. இங்கிலீஷ் நமக்கு ரெண்டாவது மொழிங்கறது இங்க குறையே இல்லை, நமக்குப் புரியற மாதிரி எழுதினா உலகத்துல யாருக்கும் புரியும்.

'சந்தேகமா இருந்தா'ன்னு முடியற குறிப்பை இனி எங்க பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க இதுக்கு முன்னாடி ஒரு வரியாவது எழுதியிருக்கா? இல்லைன்னா, குறை படிக்கிறவன்கிட்ட இல்லை.

டிஸ்கி: "சும்மா உபுண்டு போட்டுட்டு போவியா"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்களுக்கு: அந்த உபுண்டுவுக்கும் யாரோ ஒருத்தர் இந்த மெனுவைத் திறந்துதான் ஆகணும் சாமி!